ஆர்கன் அண்ணாச்சி பதில்கள்: மோட்டார் சைக்கிளில் போன ஆர்கனிஸ்ட்

சென்ற இதழில் ஒரு வாசகர், "சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த ஆலய இசைக்காரர்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்?" என்று கேட்டிருந்தார். "ழான் அலேன். பிரான்ஸ்காரர், கத்தோலிக்கர். 29 வயதில் போரில் இறந்த ஆர்கனிஸ்ட்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். வாசகர்கள் விடுவதாக இல்லை. அவரைப் பற்றியே கடிதம் கடிதமாக வந்ததால் இந்த இதழ் முழுக்க அலேனுக்கே. திருமண வாழ்த்துப் பாட்டு கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, இப்படி ரெண்டு வரியில் சொன்னால் எப்படி? யார் அந்த அலேன்? குடும்பம், படிப்பு, வேலை எல்லாம் சொல்லுங்கள்.
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

பாரீஸுக்கு மேற்கே சேன்-ழெர்மேன்-ஆன்-லே என்று ஓர் ஊர். 1911 பிப்ரவரி 3-ஆம் தேதி அங்கே பிறந்தவர் ழான் அலேன். அப்பா அல்பேர் அலேன் அந்த ஊர்க் கோயிலின் ஆர்கனிஸ்ட். வாசிப்பதோடு நிற்காமல் ஆர்கன் கட்டவும் செய்வார். நம் வீடுகளில் ஷோகேஸும் டிவியும் இருக்கிற ஹாலில், அந்த வீட்டில் பைப் ஆர்கன் இருந்தது. கடையில் வாங்கியதல்ல. மனிதர் தன் கையாலேயே குழாய் குழாயாகச் சேர்த்து வருஷக்கணக்கில் கட்டியது. கடைசியில் அது நான்கு அடுக்கு விசைப்பலகையாக வளர்ந்துவிட்டது. அந்த வீட்டம்மா அதை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர் ழான். அடுத்து ஒதீல் என்கிற தங்கை, ஒலிவியே என்கிற தம்பி. கடைக்குட்டி மரி-கிளேர், 1926-இல் பிறந்தவர். ஹாலில் ஆர்கன் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? ழான் 11 வயதிலேயே அப்பாவுக்குப் பதிலாகக் கோயிலில் உட்கார்ந்து வாசித்தார்.

1927-இல் பாரீஸ் கன்சர்வத்துவார் என்ற இசைக் கல்லூரியில் சேர்ந்தார். போல் துகாவிடம் இசை எழுதக் கற்றார், மார்செல் துப்ரேயிடம் ஆர்கன் கற்றார். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனது, கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். படிப்பு இழுத்துக்கொண்டே போய், ஆர்கனில் முதல் பரிசு வாங்கும்போது 1939. அதே ஆண்டு இரண்டாம் உலகப் போர்.

வருமானத்துக்கு 1935 முதல் மேசோன்-லஃபித் என்ற ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் ஆர்கனிஸ்ட். அதோடு பாரீஸில் நோத்ர்-தாம்-த-நசரேத் தெருவிலுள்ள யூத ஜெப ஆலயத்திலும் வாசித்தார். கோயிலிலும் ஜெப ஆலயத்திலும் வாசித்து, வீட்டில் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பாட்டெழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஆராதனை, ஒன்பது மணி ஆராதனை, சாயங்காலம் வாலிபர் கூட்டம் என்று மூன்றுக்கும் ஓடுகிற நம் ஆர்கனிஸ்ட் தம்பிகளுக்கு இதன் அருமை தெரியும்.

அவர் கையில் இருந்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு வருஷம். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட சிறியதும் பெரியதுமான இசைகளை எழுதிவிட்டார்.

கத்தோலிக்கக் கோயில் ஆர்கனிஸ்ட் அக்னி பகவானுக்கு நடன இசை எழுதினார் என்று எங்கோ படித்தேன். நிஜமா, யாரோ கிளப்பிவிட்டதா?
*ஒரு வாசகர், தஞ்சாவூர்*

நிஜம்தான். "அக்னி யவிஷ்டனுக்கு இரண்டு நடனங்கள்" என்று 1932-இல் எழுதினார். யவிஷ்டன் என்பது ரிக்வேதத்தில் அக்னிக்கு வழங்கும் அடைமொழி. 1931-இல் பாரீஸில் காலனி நாடுகளின் கண்காட்சி ஒன்று பிரம்மாண்டமாக நடந்தது. கீழை நாடுகளின் இசை மேலும் நடனத்தின் மேலும் அவருக்கிருந்த ஈர்ப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ராகம் தாளம் என்று நம் இலக்கணத்தை அதில் தேடாதீர்கள். இரண்டும் சின்னச் சின்ன இசைகள்தான். ஒரே சொற்கட்டு திரும்பத் திரும்ப வந்து நம்மைச் சுழற்றும். அந்தச் சுழற்சி அவருடைய பல இசைகளில் உண்டு, கோயில் இசை உட்பட. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

நான் ஆர்கன் படிக்கும் மாணவி. யூடியூபில் அலேனின் "லித்தானி" கேட்டேன். அழகு என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா என்றே தெரியவில்லை. ஒரே மெட்டை ஏன் சார் அப்படித் திரும்பத் திரும்ப அடிக்கிறார்? என்னால் வாசிக்க முடியுமா?
*ஒரு வாசகி, சென்னை*

லித்தானி என்பது கத்தோலிக்கர்களின் மன்றாட்டு மாலை. நீங்கள் சி.எஸ்.ஐ. என்றால் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். முன்னால் ஒருவர் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லும். பத்துத் தடவை வரை அது வெறும் பதில். இருபதைத் தாண்டியதும் பின்வரிசைப் பாட்டிமார் வேகம் பிடிப்பார்கள், அர்த்தம் பின்னால் போய்விடும், சத்தமே வேண்டுதலாகிவிடும். குழந்தைக்குச் சுகமில்லை என்று வந்து நிற்கிற தாயின் குரல் அந்தக் கூட்டத்தில் தனியாகக் கேட்கும்.

1937-இல் அலேன் எழுதியது இதைத்தான். முதலில் மெட்டு தனியாக வரும், அடியில் ஒரு கார்டுகூட, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டுகூடக் கிடையாது. குரு ஒருவர் தொடங்கிவைப்பது போன்ற அமைப்பு. அப்புறம் அதே மெட்டு, வேறு கார்டு. மறுபடியும் அதே மெட்டு, இன்னொரு கார்டு. நாலு நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும், ஆனால் கேட்டவருக்கு மூச்சு வாங்கும். இசைத்தாளின் மேலேயே அவர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். துயரத்தில் இருக்கிற ஆத்துமாவுக்கு இறைவனிடம் இரக்கம் கேட்கப் புதிய வார்த்தைகள் கிடைக்காதபோது அது ஒரே வேண்டுதலை ஓயாமல் சொல்லும். அறிவு ஒரு கட்டத்தில் நின்றுவிடும், விசுவாசம் மட்டும் மேலே ஏறும் என்பது அதன் சாரம். இதைப் புலம்பலாக வாசிக்கக் கூடாது, எதிரில் இருப்பதையெல்லாம் சாய்க்கிற சூறைக்காற்றாக வாசிக்க வேண்டும் என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

வாசிக்க முடியுமா என்று கேட்டீர்கள். நண்பர் ஒருவருக்கு எழுதிய அந்தக் கடிதத்திலேயே அலேன் இதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்: வாசித்து முடித்ததும் நீ களைத்துப் போயிருக்காவிட்டால் உனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம்; வேகத்துக்கும் தெளிவுக்கும் எல்லை எதுவோ அங்கேயே நில்; கடைசிப் பகுதியில் இடது கைக்கு வருகிற இடங்கள் சரியான வேகத்தில் வாசிக்கவே முடியாதவை. எழுதியவரே வாசிக்க முடியாது என்று சொன்னதை உலகம் முழுக்க மாணவர்கள் விடிய விடியப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் பாதி வேகம். டீச்சர் சரி என்ற பிறகு மீதி.

அதே 1937-இல்தான் தங்கை ஒதீல் மலையில் நடந்த விபத்தில் இறந்தார். கூட இருந்த தம்பியைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரைக் கொடுத்தவர். "மூன்று நடனங்கள்" என்ற அலேனின் பெரிய படைப்பில் நடுப்பகுதியின் பெயர் "துக்கங்கள்". அது ஒதீலின் நினைவுக்கானது. மரித்தவளுக்கு ஒரு நடனம்! நம் ஊரில் சாவு வீட்டுப் பறைக்கு ஆடுகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கோயில்காரர்களாகிய நமக்குத்தான் கொஞ்சம் நெருடும்.

ஆலயத்தில் இறைவனைப் பாடிய கை துப்பாக்கி பிடித்துப் பதினாறு பேரைக் கொன்றதாமே. அவரைப் புகழ்ந்து எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?
*ஒரு வாசகர், புதுச்சேரி*

கூச்சமாக இல்லை. ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அலேனுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். பட்டாளத்தில் அவருக்குக் கிடைத்ததும் அதே வேலைதான்: மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோவது. 1940 ஜூன் மாதம் பிரான்ஸ் உடைந்து விழுந்துகொண்டிருந்தது. 17-ஆம் தேதி புதிய பிரதமர் மார்ஷல் பெத்தேன், சண்டையை நிறுத்த வேண்டும் என்று வானொலியில் பேசிவிட்டார். அதற்குப் பிறகும் லுவார் ஆற்றங்கரையில் சோமூர் நகரத்தில் குதிரைப்படைப் பள்ளியின் பயிற்சி மாணவர்கள் பாலங்களை விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். அலேன் அந்தப் பக்கம்தான் இருந்தார். 20-ஆம் தேதி, ஜெர்மானியர் எங்கே வரை வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவர அனுப்பப்பட்டார். சோமூரை ஒட்டிய பெத்தி-ப்வி என்ற இடத்தில் ஜெர்மானியப் படை ஒன்று எதிரில் வந்தது. வண்டியை விட்டுவிட்டு, கையிலிருந்த கார்பைன் துப்பாக்கியால் தனியாளாகச் சுட்டார். அவர் விழுவதற்கு முன்னால் எதிர்த்தரப்பில் 16 பேர் விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. எதிரிகளே அவருக்குப் படை மரியாதை செய்து அடக்கம் செய்தார்கள். பிரான்ஸ் அரசு பிறகு போர்ச் சிலுவைப் பதக்கம் கொடுத்தது. அவர் இறந்து இரண்டே நாளில், ஜூன் 22-இல், போர்நிறுத்தம் கையெழுத்தானது.

தப்பித்திருக்கலாமே, சரணடைந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றும். மூன்று குழந்தைகளின் தகப்பன். அந்தப் பதினாறு பேரிலும் தகப்பன்மார் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ ஒரு ஜெர்மன் கிராமத்துக் கோயிலில் ஆர்கன் வாசித்தவராகக்கூட இருந்திருக்கலாம். உங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையிலேயே பிரெஞ்சுப் போர்வீரர் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதற்கு மாலை போடுகிறவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நான் அவரைப் போர்வீரராக நினைப்பதில்லை. பதக்கம் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, எனக்குத் தேவையில்லை. இசைத்தாள் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒருவர் பெயரையே ஸ்வரமாக்கிப் பாட்டெழுத முடியுமா? அலேனுக்கு யாரோ அப்படிச் செய்தார்கள் என்று எங்கள் கொயர் மாஸ்டர் சொல்கிறார்.
*ஒரு வாசகி, கோயம்புத்தூர்*

உங்கள் மாஸ்டர் சொன்னது சரி. செய்தவர் மொரீஸ் த்யூருஃப்ளே, பாரீஸில் புனித எத்தியென் ஆலயத்தின் ஆர்கனிஸ்ட். அலேன் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1942-இல், "அலேன் பெயரின் மேல் ப்ரெலூடும் ஃபியூகும்" எழுதினார். ப்ரெலூட் என்றால் முன்னிசை; ஃபியூக் என்றால் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு போவது.

மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர், ஏ முதல் ஜி வரை; ஜெர்மன் முறையில் எச் என்றும் ஒன்று உண்டு, இங்கே அதையும் சேர்த்து எட்டு. பெயரில் அதைத் தாண்டிய எழுத்து வந்தால், மீதி எழுத்துகளையும் அந்த ஸ்வரங்களின் மேலேயே வரிசையாகத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தக் கணக்கில் அலேன் என்ற ஐந்தெழுத்துக்கு வருகிற ஸ்வரங்கள்: ஏ, டி, ஏ, ஏ, எஃப். கீபோர்டு பக்கத்தில் இருந்தால் இப்போதே வாசித்துப் பாருங்கள். டி மைனர் என்ற ஸ்கேல் தன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், கொஞ்சம் சோகத்தோடு. த்யூருஃப்ளே அதோடு விடவில்லை. ப்ரெலூட் முடியப்போகிற இடத்தில் லித்தானியின் மெட்டை மெதுவாக உள்ளே விடுகிறார். தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

உங்கள் பெயரிலும் போட்டுப் பார்க்கலாம். எல்லாருக்கும் நல்ல ராகம் அமையும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

எங்கள் சபையில் பத்து வருஷம் கீபோர்டு வாசித்த தம்பி போன மாதம் தவறிவிட்டார், அண்ணாச்சி. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆலயத்தில் பளிங்குப் பலகை வைக்கலாம் என்கிறார்கள் சிலர். அவர் பெயரில் வருஷா வருஷம் பாட்டுப்போட்டி நடத்தி ஷீல்டு கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*கொயரில் ஒருவர், நாசரேத்*

முதலில் அந்தத் தம்பியின் தாய் தகப்பனுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள்.

பலகை வையுங்கள், தப்பில்லை. போட்டி எனக்குச் சம்மதமில்லை. மூன்றாம் வருஷம் ஷீல்டில் பெயர் இருக்கும், அவர் எப்படி வாசித்தார் என்று மேடையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. நடுவர் தீர்ப்பில் சண்டை வேறு வரும்.

அலேன் வீட்டில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அண்ணன் செத்தபோது மரி-கிளேருக்கு 13 வயது. அலேனுக்கு ஒரு பழக்கம்: எழுதிய இசையைப் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார், பிரதி எடுக்கும்போதே மாற்றவும் செய்வார். அதனால் ஒரே இசைக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத பிரதிகள். எது கடைசி வடிவம் என்று கேட்க ஆள் இல்லை. அந்தச் சின்னப்பெண் வளர்ந்து உலகப் புகழ்பெற்ற ஆர்கனிஸ்ட் ஆனார். ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய ஆர்கன் இசை முழுவதையும் மூன்று தடவை ஒலிப்பதிவு செய்தவர் அவர். அவ்வளவு வேலைக்கும் நடுவில் அண்ணனின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அச்சுக்குத் திருத்தி, தானே வாசித்துப் பதிவுசெய்து, எந்த இடத்தில் எந்தப் பிரதி என்ன சொல்கிறது என்று தனிப் புத்தகமே போட்டார். 2013-இல் இறக்கும் வரை மாணவர்களுக்கு அண்ணனின் இசையைச் சொல்லிக்கொடுத்தார். அப்பா கட்டிய அந்த ஹால் ஆர்கனும் வீணாகவில்லை. இன்று சுவிட்சர்லாந்தில் ரோமேன்மோத்தியே என்ற ஊரில் இருக்கிறது, இன்னும் வாசிக்கிறார்கள்.

உங்கள் தம்பி பாட்டு எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் என்ன? பத்து வருஷம் வாசித்தவருக்குப் பாமாலையில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முன்னிசை கையில் இருந்திருக்கும். திருவிருந்துக்கு ஜனங்கள் முன்னால் போகிற நேரத்தில் பாட்டு முடிந்த பிறகும் எதையோ வாசித்துக்கொண்டே இருப்பாரே, அது அவருடைய சொந்தச் சரக்கு. அதை யாராவது எழுதி வைத்தீர்களா? இன்னும் காலம் இருக்கிறது. அவர் வாசித்த கல்யாணங்களின் வீடியோவை மாப்பிள்ளை வீட்டாரிடம் கேளுங்கள். பெண் நடந்து வருகிற பத்து நிமிடத்தில் படம் முழுக்கப் பட்டுப்புடவைதான், சத்தம் முழுக்க உங்கள் தம்பிதான். கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகையில் யாராவது போனில் பிடித்திருப்பார்கள். கொயர் வாட்ஸ்அப் குழுவில் "ஆல்டோ இப்படிப் பாடுங்க" என்று அவர் போட்ட குரல் பதிவுகள் கிடக்கும். போன் மாற்றும்போது இதெல்லாம் போய்விடும், அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். அவருடைய பாமாலைப் புத்தகத்தில் பென்சிலால் கார்டு எழுதியிருப்பார். புத்தகத்தை வீட்டாரிடமே விட்டுவிட்டு, அனுமதி கேட்டுப் பக்கம் பக்கமாகப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவருக்கு அடுத்து உட்காரப் போகிற பையனோ பெண்ணோ யாரோ, அவர்களைக் கேட்டு எழுத வையுங்கள். தம்பியின் முன்னிசைகளில் ஐந்தாறு தேறினாலும் போதும். போட்டிக்கு வசூலித்த பணம் இருந்தால், ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டு இசைக்குறி, எழுதத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். முதல் நினைவு நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏதாவது ஒரு சாதாரண ஞாயிறு, அறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்த முன்னிசையோடு பாமாலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அவருடைய அம்மா ஆலயத்துக்கு வருகிறார் என்றால் மட்டும், அவரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஆலயத்துப் பழைய ஆர்கனில் இரண்டு கட்டைகள் தொடாமலேயே கத்துகின்றன. பிரசங்கம் முழுக்கப் பின்னணி இசை. அலேன் ஆர்கனிஸ்ட்தானே, அவருக்கு இந்தக் கஷ்டம் வந்ததா?
*ஒரு வாசகர், தூத்துக்குடி*

வந்தது. 1929-இல், 18 வயதில், "கத்திக்கொண்டே இருக்கும் இரண்டு ஸ்வரங்களின் மேல் ஒரு தாலாட்டு" என்றே ஒன்று எழுதியிருக்கிறார். இரண்டு ஸ்வரமும் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், மெட்டு அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். சின்ன இசை, கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஆனால் நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். கடற்காற்று ஊரில் மரம் ஈரத்தில் ஊதிப்போய்க் கட்டை கீழேயே நின்றுவிடும், இல்லாவிட்டால் வால்வின் தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் தூசி இருக்கும். ஆள் வந்து கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கமிட்டியில் பணம் ஒப்புக்கொள்ளும் வரை, பிரசங்கம் தொடங்கும்போது மறக்காமல் காற்று மோட்டாரை அணைத்துவிடுங்கள்.